பாஷாணம் தின்ற கிருமியும் சிவப்பு மழையும்

(கெடா தோட்டத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



சங்க மேடை ஏறினால் சம்பளம், வேலை நேரம், வீட்டுக் கூரை, வைத்திய வசதி என்று பேசுவதே நம் வழக்கம். இன்று கிருமிகளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று பலகையில் எழுதியதும், “இது பள்ளிக்கூட வாத்தியார் வேலையல்லவா? சங்கத்துக்கு இதில் என்ன?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். விசித்திரமான கிருமி ஒன்று அகப்பட்டது என்று எங்கோ ஓர் அறிவிப்பு வெளிவருகிறது. அந்தக் கிருமி நம் தோட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும், செய்தி வந்துவிடுகிறது. செய்தி வந்த மறுநாள் யாரோ ஒருவர் குற்றவாளியாகிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் ஏழையாக, வெளியூரிலிருந்து வந்தவராக, எதிர்த்துப் பேச வாயில்லாதவராக இருக்கிறார். ஆகவே இது சங்கத்தின் விஷயமே.

கிருமி நமக்குப் புதிதும் அன்று. மரத்துக்குள் இருக்கும்வரை பால் சுத்தமாக இருக்கிறது. மங்கில் இறங்கியதும் காற்றிலும் கத்தியிலும் மங்கிலும் உள்ள கிருமிகள் அதில் புகுந்து, பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிக்க வைக்கின்றன. பால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் திரிந்து போகிறது. அதைத் தடுக்கத்தான் அமோனியா விடுகிறோம். கட்டிப்பாலின் நாற்றமும் அவைகளின் கைவேலையே. ஆகையால் கிருமி என்றதும் நாம் மிரளத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் அதனோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நாம்.

முதலில் நம் வீட்டுக் கதை. 2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில், இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவர் மூலமாக நம் கெடாவின் குபாங் பாசு வட்டாரத்தில் நோய் பரவியது. அவர் வீட்டில் ஒதுங்கியிருக்க வேண்டிய நாட்களில் வெளியே போனார் என்று வழக்கு நடந்து, அலோர் ஸ்டார் நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தது. சட்டத்தை மீறினால் தண்டனை உண்டு. அதைப் பற்றி நமக்கு வேறு பேச்சில்லை. நாம் பேச வந்தது வேறு. அந்தத் தொற்றுத் திரளுக்கு வைத்த பெயர் ‘சிவகங்கை’. ஆம், மருது சகோதரர்கள் வெள்ளையனை எதிர்த்து நின்று 1801-இல் தூக்கில் ஏறிய அதே சீமையின் பெயர். நம்மில் எத்தனையோ பேருடைய பாட்டன் பூட்டன் கப்பல் ஏறிய பக்கம் அது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சிவகங்கைத் திரளில் அகப்பட்ட 45 பேரில் மூவரிடம் எடுத்த கிருமியில் ‘டி-614-ஜி’ என்ற மாற்றம் காணப்பட்டது என்றும், அது பத்து மடங்கு எளிதாகத் தொற்றக்கூடியது என்றும் அதில் சொல்லியிருந்தது. நாட்டு மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் அந்தச் செய்தி ஊருக்குள் இறங்கியபோது என்ன உருவம் எடுத்தது? ‘சிவகங்கைக் கிருமி’, ‘பத்து மடங்கு விஷம்’, ‘இந்தியாவிலிருந்து வந்த புது ரகம்’. ஒரு பட்டணத்துக் கடையில் சாமான் வாங்கப் போன நம் தோட்டத்துப் பெண்களைத் தனியாக நிற்கச் சொன்னார்கள். அவர்களில் யாரும் இந்தியாவைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். நான்கு தலைமுறையாக இதே மண்ணில் பால்மரம் சீவிய குடும்பங்கள்.

இப்போது அந்த ‘பத்து மடங்கு’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கொரோனாக் கிருமியின் மேல் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது 1,273 மணிகள் கோத்த மாலையைப் போன்ற ஒரு புரதம். அந்த மாலையில் 614-ஆவது இடத்தில் ஒரு மணி மாறியிருந்தது. அவ்வளவுதான் ‘டி-614-ஜி’. செக்ரோலில் 614-ஆவது வரியில் ஒரு பெயர் மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார், நோய் பரப்பாத ஒரு போலிக் கிருமிக்கு இந்த முள்ளை மாட்டி, கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களின் மேல் விட்டுப் பார்த்தார்கள். அங்கேதான் ஏறத்தாழ பத்து மடங்கு என்று கண்டார்கள். அது தட்டில் நடந்தது. பேருந்திலும், பெரட்டுக் களத்திலும், கோயில் திருவிழாவிலும் மனிதர் மூலமாகப் பரவுவது வேறு கணக்கு. மனிதரிடையே பரவும் வேகம் ஓரளவு கூடியது உண்மை. பத்து மடங்கு கூடவில்லை. நோயின் கடுமை கூடியதாகவும் அத்தாட்சி கிடைக்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த மாற்றம் கெடாவில் தோன்றியதன்று, சிவகங்கையில் தோன்றியதும் அன்று. அறிவிப்பு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலான ரகமாகிவிட்டது. 2020 ஜூலையிலேயே ஆராய்ச்சிப் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. உலகமெல்லாம் சுற்றிய ஒரு கிருமிக்கு, கடைசியில் நம் சீமைப் பெயர் ஒட்டிக்கொண்டது! வியாதிகளுக்கு ஊர்ப் பெயரும் மக்கள் பெயரும் வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 மே மாதமே கேட்டுக்கொண்டிருந்தது. அதே 2020-இல் நம் கெடாவின் தாவார் என்ற ஊருக்கும் இந்தக் கதி வந்தது. எனவே இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று நாம் சொல்லவில்லை. இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் அந்நாட்களில் நேர்ந்ததை நம் லயங்களிலேயே பார்த்தோம். அதில் நம்மவர் சிலரும் கல் எறிந்த பக்கத்தில்தான் நின்றார்கள்.

அறிவிப்பு முந்தி, சோதனை பிந்தி, திருத்தம் யார் காதிலும் விழாமல் போவது இந்நாட்டில் மட்டும் நடக்கிறதா? இல்லை. நம்மைப் போலவே ரப்பர் நாடான ஓர் இடத்துக்குப் போவோம். கேரளத்தின் கோட்டயம் மாவட்டம். இந்திய ரப்பர் வாரியத்தின் தலைமைக் காரியாலயம் இருக்கும் ஊர் கோட்டயம். நம் தோட்டங்களில் முன்காலத்தில் இருந்த மலையாளக் கிராணிமாரை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2001-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி, அந்த மாவட்டத்தின் சங்கனாச்சேரியில் சிவப்பு மழை பெய்தது. மழை சிவப்பாகத் தெரிந்தது என்பதல்ல. வெள்ளை வேட்டியில் பட்டால் இளஞ்சிவப்புக் கறை பிடிக்கும் அளவுக்கு உண்மையாகவே சிவந்த நீர் விழுந்தது. அதற்கு முன் பெரிய இடிச் சத்தமும் வெளிச்சமும் கண்டதாகச் சொன்னார்கள். மரங்களின் இலைகள் கருகி உதிர்ந்தன என்றார்கள். சில கிணறுகள் காணாமற் போயின, சில இடங்களில் திடீரென்று பள்ளம் உண்டாயிற்று என்றும் பத்திரிகைகளில் வந்தது. அதன் பிறகு செப்டம்பர் 23 வரை விட்டுவிட்டு, கோட்டயத்திலும் இடுக்கியிலும் அதிகமாகவும் வேறு இடங்களில் கொஞ்சமாகவும் இந்த மழை பெய்தது. மஞ்சள் மழை, பச்சை மழை, கருப்பு மழை பெய்ததாகவும் தகவல்கள் உண்டு. இரத்த மழை என்று ஜனங்கள் பயந்ததில் வியப்பில்லை. விடியற்காலையில் நாம் மரம் சீவிக்கொண்டிருக்கையில் மங்கில் சிவப்பு நீர் சொட்டினால் நாம் மட்டும் சிரித்துக்கொண்டா நிற்போம்?

அரசாங்கத்தார் திருவனந்தபுரத்திலுள்ள புவி அறிவியல் ஆய்வு மையத்தைக் கேட்டார்கள். அந்த மையம் முதலில் என்ன சொல்லிற்று தெரியுமா? வானத்திலிருந்து வந்த விண்கல் ஒன்று மேலே வெடித்துச் சிதறி, சுமார் ஒரு டன் தூளை மேகத்தில் கலந்துவிட்டது என்று சொல்லிற்று. இடிச் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் அது பொருந்தியது. செய்தி உலகம் சுற்றியது. ஆனால் சில நாட்களிலேயே அந்த மையத்தார் தூளை நுண்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. வித்துகளைப் போன்ற சிறு சிறு உருண்டைகள்! மேலும் விண்கல் தூளாக இருந்தால் அது காற்றில் எங்கெங்கோ பரவிப் போகும். வாரக்கணக்கில் அதே வட்டாரத்தில் திரும்பத் திரும்ப எப்படி விழும்? சொன்னதை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதைச் சிலர் கேலி செய்தார்கள். நாம் கேலி செய்யமாட்டோம். சொன்ன வார்த்தை தவறு என்று தெரிந்ததும் வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளும் நிர்வாகம் ஒன்று நமக்கு வாய்த்தால், சங்கத்துக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

பிறகு அந்தத் தூளை வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தக்க ஊட்டநீரில் விட்டு வளர்த்தார்கள். வளர்ந்தது! வளர்ந்து வந்தது டிரென்டிபோலியா என்ற பாசி. பாசி என்றாலும் பச்சையாக இராது. கேரட்டில் இருக்கிற நிறப்பொருள் இதிலும் நிறைந்திருப்பதால் செம்மஞ்சளாக இருக்கும். வெப்ப நாடுகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் ஈரச் சுவரிலும் பூச்சு போலப் படரும். சங்கனாச்சேரிக்கு நேரில் போய்ப் பார்த்தபோது, அங்கே மரங்களிலும் பாறைகளிலும் விளக்குக் கம்பங்களிலும்கூட அந்தப் பாசி கலந்த மரப்பூச்சு அடர்த்தியாகப் படர்ந்திருந்தது. 2001 நவம்பரில் இரு நிலையங்களும் கூட்டாக அறிக்கை கொடுத்தன. மழையைச் சிவக்க வைத்தது உள்ளூர்ப் பாசியின் வித்துகளே, விண்கல்லும் எரிமலைச் சாம்பலும் பாலைவனத் தூசியும் காரணமல்ல என்பதே அதன் முடிவு. அவ்வளவு வித்துகள் ஒரே சமயத்தில் எப்படி மேகத்துக்கு ஏறின என்பதை அந்த அறிக்கை முழுதாக விளக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்த இருவர், காட்ப்ரி லூயிஸ் என்பவரும் சந்தோஷ் குமார் என்பவரும், இந்த நீரைத் தாமாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரு மில்லி லிட்டர் நீரில் சுமார் 90 லட்சம் சிவப்பு உருண்டைகள் இருந்தன என்று கணக்கிட்டார்கள். அவைகளில் டி.என்.ஏ. இல்லை என்றார்கள். டி.என்.ஏ. என்பது, தோழர்களே, ஒவ்வொரு உயிருக்குள்ளும் அதன் பரம்பரை எழுதியிருக்கும் பதிவேடு. புல்லுக்கும் உண்டு, யானைக்கும் உண்டு, கிராணிக்கும் உண்டு, துரைக்கும் உண்டு. அந்தப் பதிவேடே இல்லாமல் ஓர் உயிரா? அப்படியானால் அது இந்தப் பூமியில் பிறந்ததாக இராது, வால் நட்சத்திரத்திலிருந்து வந்திருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். 2006-இல் அது ஒரு விண்வெளி ஆராய்ச்சிப் பத்திரிகையில் அச்சாகியது. கேட்க வேண்டுமா? உலகப் பத்திரிகைகள் எல்லாம் கோட்டயத்தைப் பற்றி எழுதின. 2001 நவம்பர் அறிக்கைக்கு அதில் நூறில் ஒரு பங்கு மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். திறந்த வெளியில் வைத்த பாத்திரத்தில் நேராக விழுந்த நீரும் சிவந்திருந்ததே, கூரையிலும் மரத்திலும் இருந்து வழிந்ததென்று எப்படிச் சொல்வது என்று அவர்கள் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் ‘டி.என்.ஏ. அகப்படவில்லை’ என்பதும் ‘டி.என்.ஏ. இல்லை’ என்பதும் ஒன்றா? கெட்டியான தோலுடைய வித்துக்குள் சோதனைச் சாயம் புகாமல் போனாலும் அதே விடைதானே வரும்! செக்ரோலில் ஒருவருடைய பெயரைக் காணோம் என்றால், அவர் வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிடலாமா? ஏட்டைச் சரியாகப் புரட்டவில்லை என்றும் இருக்கலாமல்லவா? எத்தனை தோழர்களுக்கு இந்தக் குழப்பத்தால் ஒரு நாள் கூலி போயிருக்கிறது என்று கிராணிமார்க்குத் தெரியும். பின்னர் டி.என்.ஏ. அகப்படவே செய்தது. 2015-இல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீலிக்ஸ் பாஸ்ட் என்பவரும் அவர் குழுவினரும் அந்தப் பதிவேட்டையே வாசித்து, அது டிரென்டிபோலியா அனுலேட்டா என்ற இனம் என்று எழுதினார்கள். மரப்பட்டையில் முன்னமே அமர்ந்திருந்த ஒன்றைத்தான் வால் நட்சத்திரத்தில் தேடினார்கள்!

இனி நமக்கு இன்னும் நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். பாஷாணம். ஆங்கிலத்தில் ஆர்சனிக் என்பார்கள். 1950-களிலும் 1960-களிலும் மலாயாத் தோட்டங்களில் லாலான் புல்லையும் களையையும் கொல்ல சோடியம் ஆர்சனைட் என்ற மருந்தைத்தான் வாளி வாளியாகக் கரைத்து அடித்தார்கள். மறுநடவுக்கு முன் முதிர்ந்த பால்மரங்களைக் கொல்லவும் அதையே பூசினார்கள். மருந்து அடித்த புல்லை மேய்ந்து மாடு செத்த கதையைச் சொல்லாத பெரியவர் நம் தோட்டங்களில் இல்லை. மாடு செத்ததற்குச் சாட்சி இருந்தது. மருந்து அடித்தவருக்கு என்ன ஆயிற்று என்பதற்குத்தான் கணக்கு வைக்கவில்லை.

அந்தப் பாஷாணத்தைத் தின்று வாழ்கிற கிருமி ஒன்று அகப்பட்டது என்று 2010 டிசம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவின் நாசா நிறுவனம் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி அறிவித்தது. அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பே, வேற்றுலக உயிரைத் தேடும் முயற்சியையே பாதிக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பு வருகிறது என்று தண்டோரா போட்டார்கள். வேற்றுலகில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றே பலர் எண்ணிக்கொண்டார்கள். அறிவித்தது என்னவென்றால், கலிபோர்னியாவில் மோனோ என்ற ஏரி. உப்பும் காரமும் பாஷாணமும் நிறைந்த நீர். அதன் சேற்றிலிருந்து பெலிசா உல்ப்-சைமன் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஒரு கிருமியை எடுத்தார்கள். பாஸ்பரஸ் இல்லாத ஊட்டநீரில், பாஷாணத்தை ஊற்றி வளர்த்தார்கள். அது வளர்ந்தது. ஆகவே அது தன் டி.என்.ஏ.வில் பாஸ்பரஸுக்குப் பதிலாகப் பாஷாணத்தை வைத்துக் கட்டிக்கொள்கிறது என்றார்கள்.

இதில் என்ன பெரிய அதிசயம் என்பீர்கள். உர மூட்டையைப் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்று எண்கள் போட்டிருக்கும். அந்த மணிச்சத்துதான் பாஸ்பரஸ். கிறிஸ்துமஸ் தீவிலிருந்து பாறை பாறையாக வெட்டி வந்து நம் மரங்களுக்குப் போட்டோமே, அந்தச் சத்து. மரத்துக்கும் மனிதனுக்கும் கிருமிக்கும் அது இல்லாமல் உயிர் இல்லை. டி.என்.ஏ. ஏணியின் இரு பக்கச் சட்டமும் அதனால் கட்டியது. பாஷாணமோ அதற்குப் பங்காளி. ரசாயனப் பட்டியலில் பாஸ்பரஸுக்கு நேர் கீழ் வீடு. முகச்சாயலும் கிட்டத்தட்ட ஒன்று. பாஷாணத்தின் ஒரு வடிவத்தை உடம்பு பாஸ்பரஸ் என்று எண்ணி உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனதும் வேலை கெடுகிறது. அந்த விரோதியையே வீட்டுச் சட்டமாக வைத்துக் கட்டிய ஓர் உயிர் இருக்குமானால், உயிர் என்பதைப் பற்றி நாம் படித்ததெல்லாம் திருத்தப்பட வேண்டும். அதனால்தான் அத்தனை ஆரவாரம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரோஸி ரெட்பீல்ட் என்ற அம்மையார் இருந்தார். அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள், இந்தச் சோதனை போதாது என்று பகிரங்கமாக எழுதினார். டி.என்.ஏ.வை நன்றாகக் கழுவினீர்களா? ஒட்டியிருந்த பாஷாணத்தை உள்ளே இருந்ததென்று எண்ணிவிட்டீர்களா? ஊட்டநீரில் கொஞ்சம் பாஸ்பரஸ் கலந்திருந்ததே, அது போதாதா? இந்தக் கேள்விகளைக் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அதே கிருமியை வரவழைத்து, தாமே வளர்த்துப் பார்த்தார். 2012 ஜூலையில் இரண்டு தனித்தனிக் குழுக்களின் முடிவு வெளிவந்தது. ஒன்று அவருடையது, மற்றொன்று சுவிட்சர்லாந்துக்காரர்களுடையது. அந்தக் கிருமிக்குப் பாஸ்பரஸ் இல்லாமல் வாழ முடியாது. பாஷாணத்தைத் தாங்கிக்கொள்ளும் வல்லமை அதற்கு உண்டு, ஆனால் தன் உடம்பில் வைத்துக் கட்டுவதில்லை. பாஸ்பரஸைப் பிடிக்கிற அதன் புரதம் ஒன்று, பாஷாணத்தைவிடப் பாஸ்பரஸையே 4,000 மடங்குக்கும் அதிகமாக விரும்புகிறது என்று அதே ஆண்டு வேறொரு குழு கண்டது. விஷம் நிறைந்த ஏரியில், மிகச் சிறிதளவு கிடைக்கும் சோற்றை மட்டும் பொறுக்கி எடுத்து உயிர் வாழ்கிற ஒரு ஏழைக் கிருமி அது. முன்சொன்ன கதையைவிட இதுதான் எங்களுக்கு அதிசயமாகத் தோன்றுகிறது.

அந்தக் கட்டுரையை வெளியிட்ட ‘சயின்ஸ்’ என்னும் பத்திரிகை அதை எப்போது திரும்பப் பெற்றது? 2025 ஜூலை 24-ஆம் தேதி! ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள்! மோசடி நடந்தது என்று பத்திரிகை சொல்லவில்லை. சோதனைகள் அந்த முடிவைத் தாங்கவில்லை என்றே சொல்லியது. எழுதியவர்கள் அதற்கு உடன்படவில்லை. இதற்கிடையில் அந்த அம்மையார் பெலிசா பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் வாரம் தோளில் தூக்கி ஆடிய அதே ஊர், அடுத்த மாதமே கீழே போட்டு மிதித்தது. ஆரவாரம் செய்து பத்திரிகையாளரைக் கூட்டியது பெரிய நிறுவனம், அச்சிட்டது பெரிய பத்திரிகை. பழி மட்டும் ஒரு இளம் பெண்ணின் தலையில். இதுவும் நமக்குப் பழக்கமான நியாயம்தான். மேலிடத்துக் கட்டளைப்படி மருந்து கலந்தவர் மேல் ‘கவனக்குறைவு’ என்று எழுதி வேலையை விட்டு நிறுத்துகிறார்களே, அந்த நியாயம்.

இந்த மூன்று கதைகளிலும் ஜனங்கள் பயந்ததை நாம் குறை கூறவில்லை. சங்கனாச்சேரியில் சிவப்பு மழை கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. மழை சிவந்துதான் இருந்தது. கண்டது உண்மை, காரணம்தான் தவறு. இதைப் படித்தவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். லயத்துக் குழாயில் தண்ணீர் நிறம் மாறி வருகிறது, நாற்றம் அடிக்கிறது என்று தாய்மார் சொன்னால், “உங்களுக்கு என்ன தெரியும், அது ஒன்றுமில்லை” என்பது பதிலாகாது. கண்டதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. காரணத்தைச் சோதித்துச் சொல்லட்டும். அதே சமயம், நாமும் நிறம் மாறிய தண்ணீரைக் கண்டதும் “புதிதாக வந்த வங்காளதேசக்காரர்கள்தான் கெடுத்துவிட்டார்கள்” என்று சொல்லக்கூடாது. அது சோதனையல்ல, விண்கல் கதை.

பாராகுவாட் விஷயத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சோடியம் ஆர்சனைட்டுக்குப் பிறகு வந்த மருந்து அது. ‘சரியாக உபயோகித்தால் ஆபத்தில்லை’ என்று விற்றார்கள். நகம் கழன்றும், மூக்கில் இரத்தம் வடிந்தும், கண் எரிந்தும் பெண்கள் முறையிட்டார்கள். 2002-இல் தெனாகனித்தா அமைப்பினரும் பினாங்கிலுள்ள பூச்சிமருந்து எதிர்ப்பு இயக்கத்தாரும் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களை விசாரித்து அறிக்கை வெளியிட்டார்கள். அதே ஆண்டு அரசாங்கம் தடை விதிப்பதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் முழுத் தடை வந்தது. இந்த இடைக்காலத்தில் அந்த வாளியைச் சுமந்தது யார் தோள்? ஏரிக் கிருமி விஷயத்தில் திருத்தம் பதினைந்து ஆண்டு பிந்தினால் ஏடு கெட்டது. இங்கே பிந்தியதால் உடம்பு கெட்டது.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. தோட்டத்தில் நோய் என்றோ, தண்ணீரில் கிருமி என்றோ அறிவிப்பு வந்தால், யார் சோதித்தார், எத்தனை பேரைச் சோதித்தார், எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். 45-இல் 3 என்ற எண்ணைத் தெரிந்தவனுக்கும் ‘புது ரகம்’ என்று மட்டும் கேட்டவனுக்கும் எவ்வளவு வித்தியாசம்! பதில் மலாயிலும் தமிழிலும், புதிய தோழர்கள் இருக்கும் இடத்தில் அவர்கள் பாஷையிலும் ஒட்டப்பட வேண்டும். மருந்து விஷயத்தில் சட்டம் நம் பக்கமே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் அபாய ரசாயன ஒழுங்குமுறைகளின்படி தோட்டத்தில் உள்ள மருந்துகளின் பதிவேடு வைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் நம் ஆட்கள் பெயருக்கு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருகிற இடங்கள் உண்டு. கையெழுத்துப் போடுமுன் பதிவேட்டை விரித்துக் காட்டச் சொல்லட்டும்.

கிராணிமார்க்கு ஒரு வார்த்தை. அந்த ஏடு பெரும்பாலும் உங்கள் மேசையிலே இருக்கிறது. மருந்து டின்னின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை வாசிக்கத் தெரிந்தவர்களும் நீங்களே. வரும் ஞாயிற்றுக்கிழமை பாடாங் செராய், கூலிம், பீடோங் பக்கத்துக் கிளைகளிலிருந்து தலைக்கு ஒருவர், தத்தம் தோட்டத்து ஸ்டோரில் இருக்கும் மருந்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒன்றொன்றாக வைத்துப் பார்ப்போம்.